சேரின் கை

தவநாயகி அன்ரி குப்புறப் படுத்து, சிகிச்சை மேசையின் தலைமாட்டிலிருந்த துளைக்குள் முகத்தைப் பதித்துக்கொண்டபோது, வழக்கமான கேள்விகளை நான் தொடங்கவேயில்லை.

"கேள்வியளைப் பிறகு கேளும் பிள்ளை. முதல் கையை வையும்."

இல்ஃபோர்ட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலேதான் எங்கள் மாலை வகுப்பு. எலும்பையும் தசையையும் கையால் தொட்டறிந்து சீராக்கும் ஒஸ்டியோபதியை அங்கே நெடுங்காலம் கற்பித்தவர் டொக்டர் கிருஷ்ணராசா, எங்கள் எல்லோருக்கும் 'சேர்'. போன பனிக்காலத்தில் இறந்துபோனார். அன்ரி அவருடைய மனைவி. புதன்கிழமைகளில் மாணவர்களே நோயாளிகளைப் பார்ப்போம். சேர் போன பிறகு அன்ரி புதன் தவறாமல் வருகிறார். ஒவ்வொரு முறையும் வேறொரு மாணவரிடம். அன்று என் முறை.

"ஜது, இண்டைக்கு உமக்குத்தான் சோதினை," என்று, சேரிடம் படித்து வகுப்பை இப்போது நடத்தும் ரதீசன் அண்ணை வாசலில் சொல்லியிருந்தார். "முதுகு நோ மாறினால் அது சேர் படிப்பிச்சது. மாறாட்டி நீர் படிக்கேல்லை."

இடப்பக்க விலாவுக்குக் கீழே கையை வைத்தேன். அன்ரியின் மூச்சு ஒருகணம் நின்று, பிறகு நீளமாக வெளியே போனது.

சேரின் வலக்கைச் சின்னவிரல் நீளாது. ஊரில் எப்போதோ முறிந்து, மடங்கியபடியே பொருந்திவிட்டது. அவர் கையைப் பார்த்துப் பார்த்தே பழகிய நாங்கள் எல்லோரும் சின்னவிரலை மடித்துத்தான் நோயாளியைத் தொடுவோம். யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர், உங்கள் எல்லோருக்கும் இந்த விரலில் என்ன கோளாறு என்று கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு விரலை நீட்டிப் பழகிப் பார்த்தேன். நீட்டினால் எனக்கு ஒன்றும் புலப்படுவதில்லை. இந்தக் கையில் என்னுடையது எவ்வளவு என்று, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதுகூட யோசனை வரும்.

"ஓம்," என்றது துளைக்குள்ளிருந்து அன்ரியின் குரல். "இதுதான். ரதீசன்ரை கை பாரம். உம்மடைதான் அப்பிடியே அவரின்ரை கை."

அன்ரி எதற்காக வருகிறார் என்பது அப்போது விளங்கியது. என்றாலும் ஒழுங்குமுறையை விட எனக்கு மனம் வராது. கேள்விகளைத் தொடங்கினேன்.

"இரவிலை நோகுதோ அன்ரி?"

"நோகும். எழும்பி இருந்தாலும் விடாது."

"சாப்பாடு?"

"ஒராளுக்கு என்னத்தைச் சமைக்கிறது? சட்டையெல்லாம் தொளதொளத்துப் போச்சு."

"எப்ப இருந்து?"

"அவர் இருக்கேக்கையே தொடங்கினது. தசைப்பிடிப்பு எண்டவர். ராவிலை இப்பிடிக் கையை வைச்சு என்னை நித்திரையாக்கிப்போட்டுத்தான் தான் படுப்பார்."

கைக்குக் கீழே தசை இறுகியிருந்தது. அவ்வளவுதான். சேர் சொன்னதையே என் கையும் சொன்னது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. விடாத இரவு நோவும் குறைந்துகொண்டே போகும் எடையும் சேர்ந்து வந்தால், கையை நம்பாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்பது முதலாம் ஆண்டுப் பாடம். அதைக் கற்பித்ததும் சேர்தான். வேறு யாருடைய முதுகென்றாலும் அடுத்த நாளே அனுப்பியிருப்பார். இந்த முதுகில் மட்டும் அவருடைய கை தான் கேட்க விரும்பியதையே கேட்டிருக்குமோ? அப்படியானால் அந்தக் கையை வைத்துக்கொண்டு நான் வேறெதைக் கேட்கப்போகிறேன்? சொல்லாமல் விட்டால் அடுத்த புதனும் வருவார். சொன்னால் இந்த மேசைக்கு இனி வராமலே விடலாம்.

"அன்ரி, நாளைக்கே ஜீ.பி. டொக்டரிட்டைப் போங்கோ. இரத்தம் பாக்கவேணும், ஸ்கானும் எடுக்கவேணும். ரதீசன் அண்ணையைக் கொண்டு கடிதம் எழுதித் தாறன்."

வெளியே ரயில் ஒன்று கடந்துபோய் முடிந்தது.

"அப்ப, அவருக்குத் தெரியேல்லை எண்டுறீர்."

"எனக்கும் தெரியேல்லை அன்ரி. வெறும் தசை எண்டுதான் என்ரை கையும் சொல்லுது. அதாலைதான் போங்கோ எண்டுறன்."

"நீர் அவரிட்டைத்தான் படிச்சனீரோ?"

"ஓம் அன்ரி."

கையை எடுக்கப்போனேன்.

"நாளைக்குப் போறன்," என்றார். "இப்ப எடுக்காதையும்."

அழுத்தாமல், அசைக்காமல் கையை அங்கேயே வைத்திருந்தேன். நேரம் முடிந்ததென்று சொல்ல ரதீசன் அண்ணை கதவைத் திறந்தார். பகிடியாய் ஏதோ சொல்லிச் சிரிக்க ஆயத்தமாக வந்த முகம் எங்களைப் பார்த்ததும் மாறியது. பெரிய விளக்கை அணைத்துவிட்டு, அடுத்த நோயாளியிடம் ஏதோ தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு நடைகூடத்தில் ஒதுங்கினார். திறந்திருந்த கதவால் நடைகூடத்து வெளிச்சம் மேசைக்கடியில் விழுந்தது. முகத் துளைக்கு நேர் கீழே, சாம்பல் நிறத் தரையில் ஈரமாக ஒரு பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. அன்ரியின் முதுகு என் கைக்குக் கீழே அசையாமல், இளஞ்சூடாக, நித்திரையிலிருப்பவரின் முதுகைப் போலவே இருந்தது.