ஒயர் மாட்டாத ரீடிங்

மேடையில் பேசுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. 'பெண்கள் அறிவியலுக்கு வரவேண்டும்' என்று ஆரம்பித்தால் மைக்கைப் பிடுங்கித்தான் என்னை இறக்க வேண்டும். பதினெட்டு வருடமாக இயற்பியல் ஆசிரியை அல்லவா. ஆய்வகத்தில் என் லட்சணம் வேறு.

அங்கே மூன்று பேருக்கு ஒரு மேசை. பையன்கள் பாய்ந்து ஒயரைப் பிடித்துக்கொள்வார்கள். "நீ நோட்டை எடும்மா, உன் கையெழுத்து நல்லா இருக்கு" என்று பெண்ணிடம் நானே சொல்வேன். பாராட்டுகிறேன் என்றுதான் நினைப்பு. ரெக்கார்டு நோட்டுகள் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். தலைமையாசிரியர் மெச்சுவார், நான் பூரித்துப்போவேன்.

அந்த நோட்டுகளின் ராணிக்கு வகுப்பில் 'அச்சகம்' என்று பெயர். எழுத்து அவ்வளவு அழகு. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பிராக்டிகலில் தேறாவிட்டால் அது போய்விடும். "இவ கண்ணை மூடிக்கிட்டுப் பாஸ் பண்ணிடுவா" என்று அவள் அம்மாவிடம் வீரவசனம் பேசியவளும் நான்தான்.

தேர்வன்று அவளுக்கு வந்த சீட்டு, ஓம் விதி. அரை மணி நேரத்தில் படம், அட்டவணை, ஆறு ரீடிங், விடை எல்லாம் எழுதிவிட்டுக் கைகட்டி நின்றாள். வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தாளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"ஒரு ஒயர்கூட மாட்டலையேம்மா. ரீடிங் எங்கிருந்து வந்தது?"

"மனப்பாடம் சார்," என்றாள் அவள். "பசங்க மாட்டுவாங்க. அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. நான் கெஞ்சிக் கூத்தாடியதில் மனம் இரங்கி, "மத்தியானம் கடைசியா வரட்டும். இருபது நிமிஷம்தான்" என்றார்.

சாப்பாட்டு வேளையில் அவளைப் பக்கத்து அறைக்கு இழுத்துப்போனேன். பேட்டரி, அம்மீட்டர், வோல்ட்மீட்டர், ஒயர்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெரிய நிபுணி மாதிரி மாட்டினேன். முள் அசையவில்லை. மாற்றி மாட்டினேன். பின்பக்கமாகப் போய் முட்டிக்கொண்டது.

"மிஸ், உங்களுக்கு..." என்று இழுத்தாள்.

"தெரியாதுடி. காலேஜ்ல நானும் நோட்டுதான் எழுதினேன். இங்க என் மேசையில லேப் அசிஸ்டென்ட் அண்ணன் காலையிலேயே மாட்டி வச்சிடுவார். நான் சுவிட்சைப் போட்டுட்டுப் பாடம் எடுப்பேன்."

அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட எழுந்தேன்.

"வேணாம் மிஸ். அவர் மாட்டிக் குடுத்துட்டுப் போயிடுவார்."

புத்தகத்துப் படத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, கோட்டுக்கு ஒரு ஒயராக அவளே மாட்டினாள். மூன்று முறை தப்பு. நான்காவது முறை முள் ஒழுங்காக எழுந்தது. மின்சாரத்தை நானே கண்டுபிடித்த மாதிரி கைதட்டினேன்.

மத்தியானம் தேர்வாளர் முன்னால் அவள் ஒவ்வொரு ஒயராக மாட்டினாள். ஒரு முனை கழன்று விழுந்தது. திரும்ப மாட்டி முள் எழுவதற்குள் பதினாறு நிமிடம் போய்விட்டது. இரண்டு ரீடிங் எடுத்தாள். நேரம் முடிந்தது. மற்ற நான்கும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எழுதித் தொலையேண்டி, யாருக்குத் தெரியப்போகிறது என்று என் மனம் அடித்துக்கொண்டது. நான் அறிவியல் ஆசிரியை, பாருங்கள்.

"மீதி நாலு?" என்றார் தேர்வாளர்.

"எடுக்கலை சார். எடுத்தது ரெண்டுதான்."

அவர் தேறுவதற்கான மதிப்பெண்ணைப் போட்டார், அதற்குமேல் ஒன்றுகூட இல்லை. அவள் தேறிவிட்டாள். எனக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை. அந்த ஒரே காரணத்தால் என் வேலை இன்னும் இருக்கிறது.