ஹர்த்தாலன்று போட்ட நகை

காலை ஏழு மணிக்குக் கொல்லம் பஸ் நிலையத்தில் ஈ, காக்கை இல்லை. இரவோடு இரவாக ஹர்த்தால், அதாவது முழு அடைப்பு, அறிவித்திருந்தார்கள். எந்தக் கட்சி, எதற்காக என்றெல்லாம் நாங்கள் கேட்பதில்லை. ஹர்த்தால் என்றால் எங்களுக்கு லீவு; வீட்டில் கோழி வாங்கியாச்சா என்பதுதான் கேள்வி. எனக்கோ பதினோரு மணிக்கு அஞ்சுதெங்குக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தாக வேண்டும்.

பதினோரு வருஷமாக இழுக்கும் ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. இரண்டு கருத்தரங்குகளில் வாசித்திருந்தால்தான் வாங்கிக்கொள்வார்கள். நான் ஒன்றில்தான் வாசித்திருந்தேன். அஞ்சுதெங்குக் கோட்டைக்குத் தண்ணீர் சுமந்த பெண்களைப் பற்றி, அந்தக் கோட்டைக்குப் பக்கத்திலேயே பேசக் கிடைத்த இதுதான் கடைசி வாய்ப்பு.

ஹர்த்தாலில் பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, கல்யாணம் இவற்றுக்கு மட்டும் வழி விடுவார்கள். ஒன்பது மணி வாக்கில், கண்ணாடியில் 'கல்யாணம்' என்று தாள் ஒட்டிய வேன் ஒன்று வந்தது. குறுக்கே போய்க் கையை நீட்டினேன். யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். கேட்கும்போதே முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

"எங்க போகணும்?" என்றாள் முன்சீட்டில் இருந்த விலாசினி, மாப்பிள்ளையின் அத்தை.

"அஞ்சுதெங்கு. பதினோரு மணிக்குக் கட்டுரை வாசிக்கணும். இல்லன்னா பதினோரு வருஷப் படிப்பு போச்சு."

"பொண்ணு வீடும் அங்கதான். ஏறுங்க டீச்சரே. மாப்பிள்ளை கார்ல முன்னாடியே பறந்துட்டான்."

வர்க்கலை தாண்டியதும் தூரத்தில் மறியல்காரர்களின் கொடிகள் தெரிந்தன. டிரைவர் பிரசன்னன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு விலாசினியிடம் சொன்னான். "சேச்சி, இவங்களை இறக்கி விட்டுடுவானுங்க. கழுத்துல குந்துமணி தங்கம் இல்லாம எவ கல்யாணத்துக்குப் போவா?"

வேன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாம்பல் நிறப் பருத்திப் புடவை, தோளில் கறுப்புப் பை. விலாசினி பச்சைக்கல் பதித்த தன் பாலக்கா மாலையைக் கழற்றி என் கழுத்தில் பூட்டினாள். ஆறு வளையல்களை என் கையில் ஏற்றினாள். பூக்கூடையை மடியில் வைத்துத் தன் கழுத்தை மறைத்துக்கொண்டாள்.

கொடி பிடித்தவன் தலையை உள்ளே விட்டான். "இது யாரு?"

"மாப்பிள்ளையோட சித்தி. இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு கோவிச்சுக்கிட்டவங்க. கெஞ்சிக் கூட்டிட்டு வர்றோம். மூஞ்சியைப் பாரு" என்றாள் விலாசினி.

பார்த்தான். உடனே நம்பிவிட்டான்.

இன்னும் இரண்டு இடத்தில் மறித்தார்கள். கருத்தரங்கு வாசலில் இறங்கும்போது பதினொன்றாக ஐந்து நிமிஷம். நன்றிகூடச் சொல்லாமல் ஓடினேன்.

மூன்றாவது பக்கம் வாசிக்கும்போது கை மேசையில் இடித்தது. கலகலவென்று சத்தம். குனிந்து பார்த்தேன். ஊர்பேர் தெரியாத ஒருத்தியின் தங்கம் அத்தனையும் என்மேல்! எப்படி முடித்தேனோ, கை தட்டினார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவர்களை விலக்கிவிட்டுக் கல்யாண மண்டபம் எங்கே என்று கேட்டு நடந்தேன். இரண்டு கிலோமீட்டர் கடற்கரை வெயில். திருடி என்று சொல்லியிருப்பார்கள், போலீசுக்குப் போயிருப்பார்கள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. விலாசினி வாசலருகே வெறுங்கழுத்தோடு நின்றிருந்தாள். பெண் வீட்டுப் பெண்கள் அவளை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள்.

"சேச்சி, மறந்தே போயிட்டேன். சத்தியமா..."

"எனக்குத் தெரியும். நீங்க கேட்டைத் தாண்டும்போதே பார்த்துட்டேன். பிரசன்னன் கத்திக் கூப்பிடப் போனான். நான்தான் வாயைப் பொத்தினேன்."

"ஏன்?"

"கூப்பிட்டா திரும்பி வருவீங்க. கழட்டுவீங்க, மன்னிப்பு கேப்பீங்க. அதுக்குள்ள பதினொண்ணு அடிச்சிடும்."

"பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி இப்படி நின்னீங்களே!"

"கேட்டாங்கதான், மாப்பிள்ளையோட அத்தைக்கு ஒண்ணுமே இல்லையான்னு. எங்க டீச்சர் போட்டுக்கிட்டுப் பேசப் போயிருக்காங்கன்னு சொன்னேன். அதை விடுங்க, வாசிச்சு முடிச்சீங்களா?"

முடித்தேன் என்று தலையாட்டினேன். நாற்பத்தேழு வயதில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே, அவள் தோளில் சாய்ந்து அழுதேன். எனக்காக யாரும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை என்று அன்றுவரை சொல்லித் திரிந்தவள் நான்.

பிறகு பெண் வீட்டார் எல்லோரும் பார்க்க, மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் நானே பூட்டினேன். வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். வெறுங்கழுத்தோடு அவள் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.