சிவக்காத ஆரத்தி

1984ஆம் ஆண்டு வைகாசியில், கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மாப்பிள்ளை முப்பத்தெட்டு நிமிடம் ஒற்றைக் காலில் நின்றார். கடிகாரம் என் கையில் கட்டியிருந்ததால் கணக்கில் பிழை இராது.

மாப்பிள்ளை ராதாகிருஷ்ணன் பிரிக்பீல்ட்ஸ்காரர். தண்ணீர் இலாகா லெபாரட்டரியில் வேலை. பெண் என் தங்கை லெட்சுமி. பத்தரை மணிக்குள் தாலி கட்டியாக வேண்டும். தவறினால் அடுத்த முகூர்த்தம் ஆவணியில்தான் என்று ஐயர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஆரத்திக்குச் சுண்ணாம்பு மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளையின் பெரியம்மா நல்லம்மாள் அதை ஒரு வெள்ளிச் சிமிழில் கொண்டுவந்திருந்தார். அவருடைய கல்யாணத்துக்காக நிரப்பிய சிமிழ். முப்பத்தொரு வருடமாக உள்ளே அதே சுண்ணாம்பு. மஞ்சள் தண்ணீரில் அது விழுந்து, தண்ணீர் சிவந்த பிறகே மாப்பிள்ளை வலது காலை உள்ளே வைக்கலாம்.

மணி 9.40. மாப்பிள்ளை வலது காலைத் தூக்கினார். அம்மா சுண்ணாம்பை உதிர்த்துத் தட்டில் போட்டுக் கலக்கினார். அது கரையாமல் அடியில் மாவு போலப் படிந்தது. தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது.

“கால கீழ வைக்காதப்பா!” என்று நல்லம்மாள் அலறினார்.

“பின்னால வச்சுக்கட்டுமே, ஆன்டி,” என்றேன்.

“தூக்கின கால பின்னால வச்சா, வந்த வழியே திரும்பிப் போகணும்.”

“அப்ப முன்னால?”

“சிவக்காம முன்னால எப்படி?”

நான் தோள் கொடுத்தேன். மாப்பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு என் காதில் முணுமுணுத்தார்.

“மச்சான், அது சுண்ணாம்பே இல்ல லா. முப்பது வருஷமா காத்து பட்டு, பலகைல எழுதுற சாக்கட்டி ஆயிருச்சு. சாக்கட்டி தண்ணில கரையாது. நல்ல சுண்ணாம்பு கொஞ்சம் கரைஞ்சாலே போதும், புளிப்புக்கு நேர் எதிரா தண்ணி காரமாயிரும், மஞ்சள் சிவந்துரும்.”

“நீங்களே சொல்லுங்களேன்.”

“வாசல்ல நிக்கிற மாப்பிள பேசக் கூடாதாம்.”

ஆகவே நான் சொன்னேன். “என் சிமிழையா சாக்கட்டிங்கிறீங்க?” என்று நல்லம்மாள் சிமிழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை மறுபடி என் காதைத் தேடினார். அவர் சொன்னபடி, சிமிழில் இருந்ததில் ஒரு சிட்டிகையைக் கரண்டியில் வைத்து எலுமிச்சைச் சாறு பிழிந்தேன். சாக்கட்டி என்றால் புளிப்பு பட்டதும் நுரைக்குமாம். புஸ்ஸென்று நுரைத்தது.

நல்லம்மாள் கைகூப்பினார். “பொங்குது பாரு! எங்க குலசாமி வந்துருச்சு!”

அதைக் கேட்ட மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டத் தொடங்கினார்கள். அவர்களை நிறுத்த நான்கு நிமிடம் ஆனது.

மணி 10.05. எதிர்வீட்டிலிருந்து புதுச் சுண்ணாம்பு வந்தது. நல்லம்மாள் தொடவில்லை. “வேத்து வீட்டுச் சுண்ணாம்பா? எங்க வீட்டுப் பொருள்தான் சிவக்க வைக்கணும்.”

சன்னலில் லெட்சுமியின் முகம் தெரிந்தது. “அண்ணே! அவர் உள்ள வரலன்னா நான் வெளிய வந்துருவேன்!”

“பொண்ணு வெளிய வரக் கூடாது!”

“அப்ப நானும் இங்க ஒரு கால தூக்கிக்கிட்டு நிக்கவா, அத்தை?”

இதைக் கேட்டு மாப்பிள்ளை சிரித்ததில் ஆட்டம் கண்டார். தட்டில் இடித்து, மஞ்சள் தண்ணீர் அவர் வேட்டியில் தெறித்தது. தெறித்த இடமெல்லாம் வெற்றிலை துப்பியதுபோல் சிவந்தது.

“ஆன்டி, இந்த வேட்டிய யார் துவைச்சது?”

“நான்தான். ரெண்டு கைப்பிடி சவுக்காரத் தூள் போட்டேன். அலசினா வெளுப்பு போயிரும்னு அலசல,” என்றார் பெருமையாக.

“சவுக்காரமும் காரம்தான்,” என்று என் காதில் கேட்டது.

“அப்ப வேட்டி உங்க வீட்டுப் பொருள்தானே, ஆன்டி?”

நல்லம்மாள் நெடுநேரம் யோசித்தார். ஒரு நிமிடம் பத்து விநாடி. “எங்களதுதான்,” என்றார்.

வேட்டியின் முனையைத் தட்டில் முக்கி மூன்று முறை பிழிந்தேன். தண்ணீர் சிவந்தது. மணி 10.18.

“இப்ப வைப்பா!”

மாப்பிள்ளையின் இடது கால் எப்போதோ மரத்துப்போயிருந்தது. அவர் அடியற்ற மரம்போல் உள்ளே விழுந்தார். வலது உள்ளங்கைதான் முதலில் தரையில் பட்டது. எல்லோரும் நல்லம்மாளைப் பார்த்தோம்.

“வலதுதானே பட்டுச்சு? அது போதும்,” என்றார்.

10.26க்குத் தாலி ஏறியது. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் வேட்டி முழங்கால் வரை சிவப்பு.

மறுநாள் விருந்துக்கு வந்த நல்லம்மாள், சிமிழைக் கழுவி எங்கள் சமையலறையிலேயே காயவைத்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, அடுத்த கல்யாணத்துக்காக, அதிலிருந்த சவுக்காரத் தூளைச் சிமிழில் விளிம்பு வரை நிரப்பினார்.