தாள் மாற்றப் போனவன்

ராய்ஸ் டாக்கெட்டுக்கு அந்தக் கைத்துப்பாக்கியால் தூக்கம் போயிற்று. பழைய காலத்துச் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியின் அச்சு அசலான நகல், இத்தாலியில் செய்தது. பார்க்க லட்சணம், சுட்டால் சண்டித்தனம். குளிர்காலம் முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்து விசையை மெருகேற்றி, கல்லைத் தோலில் சுற்றி இறுக்கி, பொறி சரியாக விழும்படி செய்துவிட்டான். குறிதான் பாக்கி.

மார்ச் மாதம், சனிக்கிழமை காலை. கென்டக்கியில் எங்கள் துப்பாக்கி கிளப் திடலுக்கு அவன்தான் முதலில் வந்தான். ஓடையிலிருந்து மூடுபனி ஏறியிருந்தது. இலக்குத் தாளின் கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தது, துளை விழுந்தால் தெரியாது. சுட்டான்.

“கீழ போச்சு! இடது பக்கம்!”

இலக்கு மாட்டுபவர்கள் பதுங்கும் குழியிலிருந்து வந்தது குரல். என் குரல். நான் வெர்லின், திடலின் பொறுப்பாளன்.

“உள்ளயா இருக்கே? சொல்லக் கூடாதா?” என்று கத்தினான் ராய்ஸ்.

“நீ சுடு. உன் மாமியார் இதைவிட நேரா துப்புவா.”

ராய்ஸ் சிரித்தான். குழல் நுனியிலிருந்த முன்குறியை இடப்பக்கம் லேசாகத் தட்டி, அதன் தலையை அரத்தால் ராவினான். சுட்டான்.

“இன்னும் கீழதான்.”

மறுபடி ராவினான்.

“வந்துருச்சு! இன்னொண்ணு போடு.” போட்டான். “அதே ஓட்டை!”

அடுத்த குண்டைக் கெட்டித்துத் துப்பாக்கியைத் தூக்கினான்.

“நிறுத்து! தாள் மாத்தப் போறேன்!”

அப்படிச் சொன்னால் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். போனவர் திரும்பி வந்து ‘சுடலாம்’ என்று சொல்லும்வரை தொடக் கூடாது. ராய்ஸ் விலகி நின்றான். பனிக்குள் தாள் சரசரத்தது. பிறகு சத்தமே இல்லை.

அப்போதுதான் என் வண்டி கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?”

அவன் என்னைப் பார்த்தான், இலக்கைப் பார்த்தான். “நீ இப்பத்தான் வர்றியா?”

“காலைச் சாப்பாட்டுக்கு பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் தின்னுட்டு நேரா வர்றேன். ஏன்?”

நடந்ததைச் சொன்னான். நான் சிரித்துக்கொண்டே துப்பாக்கியை எடுக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். 

“தொடாதே. போனவன் இன்னும் வரலை.”

பனி விலகியதும் இருவரும் நடந்து போனோம். குழியில் யாருமில்லை. புல்லின் பனித்துளி எங்கள் காலடியில் மட்டுமே கலைந்திருந்தது. சட்டத்தில் புதுத் தாள். நான்கு மூலையிலும் ஊசி. பழையது சுருட்டிக் கீழே கிடந்தது. விரித்தோம். கீழே தனித்தனியாக இரண்டு துளைகள்; கறுப்பின் நடுவே இன்னும் இரண்டு, ஒன்றோடொன்று கலந்திருந்தன.

“‘சுடலாம்’னு நீதான் சொல்லணும், வெர்லின்,” என்றான் ராய்ஸ். “நிறுத்தச் சொன்னது உன் குரல்தானே.”

வருஷக்கணக்காகச் சொல்லிவரும் வார்த்தைதான். ஆனால் வாயைத் திறந்தபோது, அதே வார்த்தை குழிக்குள்ளிருந்து எனக்கு முன்னால் வந்துவிடுமோ என்று தோன்றியது. மூடிக்கொண்டேன்.

மதியம்வரை காத்திருந்தோம். யாரும் வரவில்லை. பிறகு குழலில் தண்ணீர் ஊற்றி, வெடிமருந்தை நனைத்து, குண்டைத் திருகி எடுத்தோம். ராய்ஸ் வேறு துப்பாக்கி வாங்கிவிட்டான். அந்த இலக்குக்கு நேரே உள்ள தடத்தில் யாரையும் நான் சுட விடுவதில்லை. துளையில்லாத தாள் வெயிலில் மஞ்சளித்துப்போய் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதை எடுக்க வேண்டியவன் நான். போகவில்லை.