ஒட்டு தெரியாத தரை

1

இந்தக் கதை ஒரு பாராட்டில் தொடங்கியது. சாந்தோமில் பிலிப் வாத்தியார் வீட்டு மாடியறைக்குக் குடிவந்த அன்று, கீழே கூடத்தைப் பார்த்து, "தரை ரொம்ப நல்லா இருக்கே" என்றேன். சிவப்புச் சிமெண்டுத் தரை. முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். வாத்தியாரின் மகள் மர்சலின் சுவரோரமாகவே நடந்து வந்து என்னிடம் சாவியைக் கொடுத்தாள்.

"அதை மட்டும் சொல்லாதீங்க சார்."

அவள் கூடத்தின் நடுவில் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1946இல், நடந்ததை அவள் கொஞ்சமும், தரை போட்ட இனாயத் மேஸ்திரி கொஞ்சமும் சொன்னார்கள். மிச்சத்தை நான் இட்டுக்கட்டுகிறேன். எது யார் சொன்னது என்று கேட்காதீர்கள். எனக்கே இப்போது குழம்பிவிட்டது.

2

முதல் ஆரம்பம்: "கடலின் உப்புக்காற்று அந்த வீட்டின் எலும்புவரை—"

வேண்டாம். காற்றின்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன்.

இரண்டாவது ஆரம்பம்: "வாத்தியாரின் மனைவி வெரோனிகா ஆசைப்பட்டது ஒரு தரைக்குத்தான்." இது பரவாயில்லை. உண்மையும்கூட. பழைய சுண்ணாம்புத் தரை பெயர்ந்து, பெருக்கப் பெருக்கப் பொடியாக வந்துகொண்டிருந்தது. அவளுக்கு இரைப்பு. அந்தப் பொடி ஆகாது. வழவழவென்று சிவப்புத் தரை போட்டுக்கொடுங்கள் என்று கல்யாணமான புதிதிலிருந்தே கேட்டுவந்தாள். யுத்தம் வந்ததும் சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டியதாயிற்று. அந்தப் பர்மிட் கைக்கு வந்தபோது அவள் படுத்த படுக்கையாகிவிட்டாள். அப்படியும் போட்டார் பிலிப். மனைவிமேல் அவருக்குப் பிரியம் இல்லை என்று இந்தக் கதையைப் படிக்கும் யாரும் நினைக்கக்கூடாது.

3

வீட்டைச் சொல்லிவிடுகிறேன். தெருவாசல், வராந்தா, கூடம், அதற்கு அப்பால் வெரோனிகாவின் அறை. அறைக்குப் பின்கதவு உண்டு. அது அடுக்களை வழியாகப் பின்சந்தில் கொண்டுபோய் விடும். கக்கூஸ் சுத்தம் செய்ய ஆள் வந்துபோகிற சந்து. வாளி, ஈ, நாற்றம். கூடத்தில் வேலை நடந்தபோது வீட்டார் எல்லாரும் அந்தச் சந்து வழியாகத்தான் போய்வந்தார்கள்.

அன்று இனாயத் மேஸ்திரி கடைசிச் சிவப்புப் பூச்சை இழுத்து முடித்து, கரணையைக் கழுவி வைத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தார். மறுநாள் காலைவரை தரையில் கால் படக்கூடாது. சாயங்காலம் வெரோனிகாவுக்கு மூச்சு முட்டியது. மர்சலின் அறைவாசலில் வந்து நின்றாள். அப்பா வராந்தாவில். நடுவில் ஈரத் தரை.

"அப்பா, அம்மா சாமியாரைக் கேக்குறாங்க."

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். உயிர் பிரியுமுன் சாமியார், அதாவது கோயில் பாதிரியார், வந்து, அவஸ்தை பூசுதல் என்று எண்ணெய் பூசி, நன்மை கொடுக்கவேண்டும். நன்மை பார்வைக்கு அப்பம். அவர்களுக்கு அது ஆண்டவரேதான். முன்னால் மணி அடித்துக்கொண்டு அதைக் கொண்டுவருவார்கள். அது கிடைக்காமல் செத்துப்போவோமோ என்பதுதான் வெரோனிகாவின் ஒரே பயம்.

"காலைல கூப்பிடலாம்மா. தரை இறுகிடும்."

"அதுவரைக்கும் தாங்காதுப்பா. பின்பக்கமா கூட்டிக்கினு வாங்க."

"ஆண்டவரையா? அந்தச் சந்து வழியாவா?"

(இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.)

பிலிப் மேஸ்திரியைப் பார்த்தார். "இப்ப நடந்தா என்ன ஆகும்?"

"கால் பதியும் வாத்தியாரே. காலைல வந்து பூசி வுட்றேன்."

"ஒட்டு தெரியுமா?"

"தெரியும். இதே செவப்பு மறுக்கா வராது."

பிலிப் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. பலகை போட்டிருக்கலாமே என்பீர்கள். பலகையும் பதியும்.

மர்சலின் உள்ளே போனாள். "வந்துக்கினு இருக்காரும்மா" என்று அம்மாவிடம் சொன்னாள். வெரோனிகா மணிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடியே கிடந்தாள்.

4

பிலிப்பைத்தான் என்னால் நம்பமுடியவில்லை. அவர் காப்பாற்ற நினைத்தது ஆண்டவரின் மரியாதையையா, தரையையா? சந்துதான் தடை என்றால் ஈரத்தில் நடத்தி அழைத்து வந்திருக்கவேண்டும். தரைதான் தடை என்றால் சந்து வழியாக. ஒன்றுக்கு மற்றொன்று சாக்காகிப் போனது. போய்ச் சொல்லியிருந்தால் சாமியார் எந்த வழியாகவும் வந்திருப்பார். அவர் காதுக்கு விஷயமே எட்டவில்லை.

முதல் பிரதியில் இனாயத்தை நல்லவராக்கி, "நடங்க வாத்தியாரே, தரை போனா போவுது" என்று சொல்லவைத்தேன். படித்துக் காட்டியபோது அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "நான் எங்க சார் அப்டி சொன்னேன்? முட்டி தேய இழுத்த தரை. எனக்கும் மனசு வர்ல." அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

[மர்சலின் ஏன் தானே சந்து வழியாக ஓடவில்லை? அம்மாவின் கையை விட முடியவில்லை என்று எழுதியிருந்தேன். "அப்படிப் போடாதீங்க. அப்பா சொல்லட்டும்னு நின்னேன்" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.]

விளக்கு வைக்கும் நேரத்தில் வெரோனிகா இறந்தாள். எண்ணெயும் இல்லை, நன்மையும் இல்லை. காலையில் தரை இறுகியிருந்தது. சவப்பெட்டியை அதன்மேல்தான் வைத்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர்—

இதை எழுதத்தான் வேண்டுமா?

வந்தவர்களில் ஒருவர், தரை நன்றாக அமைந்திருக்கிறது என்றார்.

5

முடிவு ஒன்று: வெரோனிகாவே, "வேணாங்க, தரை கெட்டுடும்" என்று முனகுகிறாள். வாரப் பத்திரிகைகள் படம் போட்டு வெளியிடும். கிழித்துவிட்டேன். செத்தவளின் வாயால் மன்னிப்பு வழங்க நான் யார்?

முடிவு இரண்டு: மர்சலின் கடப்பாரையை எடுத்துத் தரையை உடைக்கிறாள். அவளிடமே கேட்டுப் பார்த்தேன். "ஒடச்சா வேற தரை போடணும் இல்ல சார்" என்றாள்.

முடிவு மூன்று, தினமும் நடப்பது: காலையில் பிலிப் முழங்கால் போட்டு, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் தரையைத் தேய்க்கிறார். அதை ஜெபம் என்று எழுதினேன். பிறகு அடித்தேன். தரை தேய்ப்பது தரை தேய்ப்பதுதான். எனக்கு அவர்மேல் கோபம். மாடிப்படி இறங்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தரையில் எண்ணெய் மணக்க மணக்க நடந்துதான் நானும் வெளியே போகிறேன்.

6

ஆகவே முடிவை உங்களிடம் தள்ளிவிடுகிறேன். நீங்கள் அந்த வராந்தாவில் நிற்கிறீர்கள். இன்னும் வெளிச்சம் இருக்கிறது. சாமியார் இருக்கும் கோயில் கூப்பிடு தூரம். எதிர்ப்பக்கம் மர்சலின் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி மணிச் சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். தரை அழகாக இருக்கிறது, அதையும் மறைக்கமாட்டேன். அவள் ஆசைப்பட்டுக் கேட்ட தரை. கால் வைத்தால் பதியும். ஒட்டு தெரியும்.

யோசிக்க நேரம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பும் யோசித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.