வெள்ளைச் சட்டை

வந்தவள் தையல்காரி என்பது அவள் உட்காருவதற்கு முன்பே பெரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலி உறையின் ஓரம் பிரிந்திருந்த இடத்தை விரலால் நீவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. இந்த அநாதை இல்லத்தில் வளர்ந்து, பதினெட்டில் வெளியே போனவள், இத்தனை வருடம் கழித்து ஒரே ஒரு கேள்வியோடு வந்திருந்தாள்.

“என்னைக் கொண்டாந்து விட்டப்போ எங்கூட ஏதாவது இருந்துச்சா பெரியம்மா? ஒரு துணி, ஒரு கயிறு, ஏதாவது?”

அலுவலகத்தில் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார்களாம். வந்த வருடம் இருந்தது, பெற்றவள் பெயர் இல்லை. பின்னறையில் இருக்கும் கிழவியைக் கேளுங்கள் என்று மேனேஜர் தள்ளிவிட்டிருந்தார். தள்ளிவிடுவதில் அவர் கெட்டிக்காரர்.

பெயர் இல்லாததற்குக் காரணம் பெரியம்மாவேதான். கேள்வி கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொள்ளும் வீட்டை அந்த ஊரில் முதன்முதலில் தொடங்கியவள் அவள். அதற்கு முன் இருந்த விடுதிகளில் பெற்றவளைக் குடைந்து எடுப்பார்கள். அதற்குப் பயந்தே பலர் சாக்கடையோரம் போட்டுவிட்டுப் போனார்கள். பெரியம்மா கதவைத் திறந்தபோது ஊரே மூக்கின்மேல் விரலை வைத்தது. அவள் லட்சியம் செய்யவில்லை. அடுத்து இன்னொரு விதி கொண்டுவந்தாள். வந்த பிள்ளையை வெந்நீரில் குளிப்பாட்ட வேண்டும், தலையை மழிக்க வேண்டும், சுற்றி வந்த கந்தலை அடுப்பில் போட்டு எரித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட வேண்டும். சொறியும் காய்ச்சலும் அந்தக் கந்தலோடுதான் வந்தன. முதல் வருடம் பத்துக்கு ஆறு பிள்ளைகள் செத்தன. விதி வந்த பிறகு பத்துக்கு ஒன்று. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்து, எழுதிக்கொண்டு போய், அப்படியே செய்தார்கள். இன்றைக்கும் சமூகப்பணி படிக்கிற பிள்ளைகளை அவள் படத்துக்குக் கீழே நிறுத்தி அதைத்தான் பாடமாகச் சொல்கிறார்கள். அவர்கள் மெச்சத் தொடங்கினால் அவள் எழுந்து பின்னறைக்குப் போய்விடுவாள்.

ஒன்றும் இல்லையம்மா என்று சொன்னால் தீர்ந்தது. வந்து கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் இவள் சொன்ன வருடம் அந்த வருடமாக இருந்தது. பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே உள்ளங்கையளவு நீலக் கட்டத் துணி. ஒரு பக்கம் மட்டும் பல் பல்லாக வெட்டியிருந்தது.

“இருந்திருக்கும். நான்தான் எரிச்சேன்.”

தையல்காரி துணியைக் கையில் எடுத்தாள். பெரியம்மா மென்று விழுங்கி மென்று விழுங்கிச் சொன்னாள். அந்த வருடம் வந்த பிள்ளைகளுக்கு மூன்று வயதானபோது ஒருத்தி இந்தத் துணியோடு வந்து நின்றாள். மற்ற பாதியைப் பிள்ளையைச் சுற்றிய துணியின் மடிப்புக்குள் தைத்து அனுப்பியிருந்தாளாம். இரண்டையும் சேர்த்து வைத்தால் பல்லோடு பல் பொருந்தும், பிள்ளை கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தாள். கந்தலுக்குள் அப்படி ஒன்று இருக்கும் என்று பெரியம்மாவுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அதற்குள் எழுநூறு பிள்ளைகளின் துணி சாம்பலாகியிருந்தது. கொதிக்க வைத்து எடுத்து வைத்திருந்தாலே போதும். மறுநாளிலிருந்து அப்படித்தான் செய்தாள், ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வெளியூர்களுக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. போட்டால் தன் பெயர் என்னாவது என்ற பயம். அங்கெல்லாம் எத்தனை வருடம் எரிந்ததோ.

இவள் திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. தையல்காரியோ துணியை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பினாள்.

“கத்திரி இல்ல, பிளேடு,” என்றாள். “ஆனா அவசரப்படாம வெட்டியிருக்காங்க.”

பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு, துணியோடு வந்தவளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். அந்த வருடத்துப் பெண்பிள்ளைகள் நாற்பத்துமூன்று பேரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தியதைப் பெரியம்மா சொன்னாள். எல்லாருக்கும் ஒட்ட வெட்டிய தலை, எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை. வந்தவளுக்குத் தன் பிள்ளை எது என்று அடையாளம் தெரியவில்லை. துணியை மேசையில் வைத்துவிட்டுப் போனவள் திரும்ப வரவில்லை.

“அப்ப இது என்னோடதுன்னு சொல்ல முடியாது.”

“முடியாது கண்ணு. இல்லைன்னும் சொல்ல முடியாது.”

தையல்காரி துணியின் வெட்டுப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு பல்லாக ஏறி இறங்கியது விரல்.

“அந்த வரிசையில நானும் நின்னேனா?”

“நின்னே.”

“என்னையும் பாத்தாங்களா?”

“ஒருத்தரையும் விடலை. ஒவ்வொருத்தியா மோவாயைப் பிடிச்சுத் தூக்கி, இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பிப் பாத்தா.”

தையல்காரியின் கை மடியிலிருந்து எழுந்தது. தன் மோவாயைத் தொட்டு, மெல்ல ஒரு பக்கம் திருப்பி, அப்படியே நின்றது.