பின்சந்தில் ஒரு வாசல்

கடல் முன்னறையை எடுத்துக்கொண்ட வருஷம், அண்ணன் அந்தப் பக்கத்துக் கதவை ஆணியடித்து மூடிவிட்டு, பின்சந்தில் புதிதாக வாசல் வைத்தார். தெருவில் எல்லோரும் செய்ததுதான். கடல் ஓர் அறையைக் கேட்டால் கொடுத்துவிட்டு ஓர் அறை பின்னுக்குப் போவார்கள். சமையலறை கூடமாகும், கொல்லை சமையலறையாகும்.

சர்க்கார் ஆபீசிலிருந்து அளக்க வந்தவர்களோ சந்து வாசலைப் பார்த்து வீட்டைக் குறித்துக்கொண்டார்கள். அதனால் வரைபடத்தில் வீடு சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்திரமாக இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்தான் காலி செய்துவிட்டு மேட்டுக் குடியிருப்புக்குப் போகவேண்டும். அதே ஆபீசில் வரைபடத்தைச் சரிபார்ப்பது தங்கையின் வேலை. மற்ற வீடுகளைத் திருத்திவிட்டாள். தான் பிறந்த வீடு ஒன்றுதான் பாக்கி.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்மா. சும்மா இருந்தாப் போதும்" என்றார் அண்ணன்.

"மழை பெஞ்சா எங்கண்ணா படுக்கிறீங்க?"

அண்ணி முந்திக்கொண்டாள். "நான் எங்க தம்பி வீட்ல. உங்கண்ணன் இங்க கட்டில் மேல காவல். கடல் வந்தா விசாரிச்சு அனுப்பிடுவாராம்."

"உன்னை யாரு கேட்டா?"

தங்கை வரைபடத்தை மேஜையில் விரித்துப் பென்சிலை எடுத்தாள். மூடிய கதவுக்கு அப்பால் இருந்ததை நினைவிலிருந்து மெல்லப் போட்டாள். அப்பாவின் அறை, மத்தியானத்தில் வெயில் கட்டங்கட்டமாக விழுந்த தரை. அப்போது கடல் வெறும் சத்தம்தான். பார்க்கவேண்டுமானால் இரண்டு தெரு தாண்டி நடக்கவேண்டும்.

எட்டிப் பார்த்த அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன, தீப்பெட்டி மாதிரி போடறே? அப்பா கட்டில், பீரோ, அம்மாவோட தையல் மெஷின் எல்லாத்தையும் எங்க வெச்சோம், தலை மேலயா?"

அழித்துப் பெரிதாக்கினாள்.

"முன்னாடி வராண்டா எங்க? சைக்கிள்லேர்ந்து விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டியே, அதையும் மறந்துட்டியா? குடு இப்படி."

பென்சிலைப் பிடுங்கி அவரே வரைந்தார். வராண்டா வந்தது, படிகள் வந்தன, அம்மா துணி காயப்போட்ட முற்றம் வந்தது. சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பாதி வீடு அந்தப் பக்கம் போயிருந்தது. அதைக் கவனித்ததும் கை நின்றது.

"அழிச்சிரவா?" என்றாள் தங்கை. கேட்டிருக்கக்கூடாது என்று உடனே தோன்றியது.

அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா கட்டின வீட்டைச் சின்னதாக் காட்டியா நான் இங்க இருக்கணும்? அப்படியே அனுப்பு."